ஏசியின் அவுட்டோர் யூனிட்டுக்குக் கவர் போடலாமா? போடுவதென்றால் எப்படி?

ஏசியின் அவுட்டோர் யூனிட் மழையில் நனைவதையும் வெயிலில் காய்வதையும் பார்க்கும்போது அதை மூடி வைக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏசி தேவைப்படாத சில மாதங்களுக்கு அதைத் தடித்த தார்ப்பாயால் தரை வரை மூடி, கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தேன். அவிழ்த்துப் பார்த்தபோது அடித்தட்டில் துரு ஏறியிருந்தது. அலுமினியத் தகடுகளில் வெண்பொடி போன்ற அரிப்பு தென்பட்டது. உள்ளே எலி கூடு கட்டி, ஒரு மின்கம்பியையும் கடித்து வைத்திருந்தது. முந்தைய ஆண்டுகளில் அது திறந்தவெளியில் கிடந்தபோது இவற்றில் ஒன்றுகூட நேர்ந்ததில்லை.

ஏசி ஓடும் காலத்தில் எந்தக் கவரும் கூடாது. ஓடாத காலத்தில், தேவையிருந்தால் மேற்பகுதியை மட்டும் மூடலாம். அறையிலிருந்து எடுத்த வெப்பத்தை வெளிக்காற்றில் கொட்டுவதே அந்த யூனிட்டின் வேலை. அதற்கு விசிறி இழுக்கும் காற்று, வெப்பத்தை வெளியேற்றும் குழாயும் மெல்லிய அலுமினியத் தகடுகளும் சேர்ந்த கண்டென்சர் சுருளின் வழியே தடையின்றிப் போக வேண்டும். காற்று தடைப்பட்டால் குளிர்பதன வாயுவின் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் கூடுதல் மின்சாரம் இழுத்துச் சூடாகும், பாதுகாப்பு அமைப்பு அதை நிறுத்தும். இது திரும்பத் திரும்ப நடந்தால் கம்ப்ரஸரின் ஆயுள் குறையும். மழையைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. மின்பகுதிகள் மழைநீர் புகாதபடி மூடிய அறைக்குள் இருக்கின்றன. உள்ளே விழும் நீர் வடிய அடித்தட்டில் துளைகளும் உண்டு.

முதலில் உங்கள் யூனிட் எந்த வகை என்று பாருங்கள். குளிர்காலத்தில் அறையைச் சூடேற்றவும் அதே ஏசியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஆண்டு முழுவதும் அந்த யூனிட் உழைக்கிறது. அதை எப்போதும் மூடக் கூடாது. குளிரூட்ட மட்டுமே பயன்படுகிறது என்றால், காற்றை எந்தத் திசையில் வெளியே தள்ளுகிறது என்று கவனியுங்கள். மேல்நோக்கித் தள்ளும் யூனிட்டில் விசிறியின் கம்பிவலை வானத்தைப் பார்த்திருப்பதால் இலையும் சுள்ளியும் நேராக உள்ளே விழும். அதற்கு மேல்மூடியால் உண்மையான பயன் உண்டு. பக்கவாட்டில் தள்ளும் யூனிட்டின் மேற்புறம் ஏற்கெனவே மூடிய தகரம்தான். அந்த வகை வைத்திருப்பவர்கள் கவர் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

அடுத்து மின்சாரத்தைத் துண்டியுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. மின்பலகையில் ஏசிக்குரிய எம்சிபியை (மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) இறக்க வேண்டும். இல்லையெனில் வீட்டில் வேறு யாரேனும் ரிமோட்டை அழுத்தினால் கவருக்குள்ளேயே யூனிட் ஓடத் தொடங்கும். எம்சிபியின் மேல் ‘கவர் போட்டிருக்கிறது’ என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும் என்பதால் பக்கத் தகட்டைக் கழற்றாதீர்கள்.

பிறகு சருகுகளைக் கையால் அகற்றி, தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விட்டுச் சுருளைக் கழுவுங்கள். உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் கருவி வேண்டாம். அந்த மெல்லிய தகடுகள் உடனே மடங்கிவிடும். கழுவிய யூனிட் முழுதாகக் காயும் வரை, குறைந்தது ஒரு நாளாவது, காத்திருங்கள்.

நான் தவறு செய்தது இதற்கு அடுத்த படியில், மூடும்போது. தார்ப்பாய் மழையைத் தடுத்தது உண்மை, ஆனால் ஈரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. பகல் வெப்பத்தில் தரையிலிருந்து எழும் நீராவி தார்ப்பாய்க்குள் சிக்கிக்கொள்கிறது. இரவில் உலோகம் குளிர்ந்ததும் அது சுருளின் மீதும் அடித்தட்டின் மீதும் நீர்த்துளியாகப் படிகிறது. மறுநாள் அதை உலர்த்தக் காற்று உள்ளே வருவதில்லை. திறந்தவெளியில் மழைக்கு நனைந்த யூனிட் காற்றடித்துச் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், இறுக மூடிய யூனிட்டோ வாரக்கணக்கில் ஈரத்திலேயே நிற்கும். இருட்டும் கதகதப்பும் காற்றில்லாத மறைவும் எலிக்கு வேண்டிய இடத்தையும் அமைத்துக் கொடுக்கின்றன. ஆகவே மூடி பக்கவாட்டில் நான்கு விரல் அளவுக்கு மேல் கீழே இறங்கக் கூடாது. நான்கு பக்கச் சுருளும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நான் இப்போது பயன்படுத்துவது, யூனிட்டின் மேற்பரப்பைவிடச் சற்றே பெரிதாக அறுத்த, நீர் தாங்கும் பிளைவுட் பலகை. அதன் அடியில் மூலைக்கொரு சிறு மரக்கட்டை வைத்துக் கொஞ்சம் இடைவெளி விட்டு, மேலே செங்கல் பாரம் ஏற்றுகிறேன். பலமான காற்று வீசும் இடமென்றால் எலாஸ்டிக் கயிற்றால் யூனிட்டின் கால்களோடு சேர்த்துக் கட்டுங்கள். செப்புக் குழாயில் கட்டவே கட்டாதீர்கள், அதன் இணைப்பு அசைந்தால் வாயு கசியும். காற்றுப் புகும் துணி என்று சொல்லி விற்கப்படும் முழுநீளக் கவர்களையும் நான் பரிந்துரைப்பதில்லை. ஈரம் ஓரளவு வெளியேறினாலும் எலிக்கு அது தடையே அல்ல.

மீண்டும் ஏசியை இயக்கும் நாளில் முதலில் மூடியை எடுத்து, உள்ளே கூடோ கடிபட்ட கம்பியோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சில மாடல்களில் கம்ப்ரஸரின் அடியில் ஒரு சிறு ஹீட்டர் இருக்கும். நீண்ட நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் குளிர்பதனப் பொருள் கம்ப்ரஸர் எண்ணெயில் கலந்துவிடும். அந்த நிலையில் உடனே ஓடவிட்டால் எண்ணெய் நுரைத்து உராய்வு கூடும். அந்த ஹீட்டர் எண்ணெயைச் சூடாக்கி அதைப் பிரிக்கும். ஆகவே அத்தகைய மாடலில் எம்சிபியை ஏற்றிவிட்டு, கையேடு குறிப்பிடும் நேரம் கழிந்த பிறகே ஏசியை இயக்க வேண்டும்.

உண்மையில் மூடிப் பாதுகாக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. செப்புக் குழாயைச் சுற்றியுள்ள கறுப்பு நுரை உறை வெயிலில் நொறுங்கி உதிரும். உதிர்ந்தால் குளிர் வீணாகும், குழாயில் நீர் வியர்க்கும். வெயில் தாங்கும் டேப்பை அதன் மேல் சுற்றுங்கள், அல்லது பிளாஸ்டிக் டிரங்கிங்குக்குள் (சுவரில் பொருத்தும் நீண்ட மூடிய உறை) குழாயைச் செலுத்துங்கள். யூனிட்டுக்குக் கவர் வாங்கும் பணத்தை இதில் செலவிடுவது மேல்.

பின்சேர்க்கை: இதை வெளியிட்ட பிறகு, நிழலுக்காக மேலே கூரை அமைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். அமைக்கலாம், ஆனால் வெளியேறும் சூடான காற்று கூரையில் மோதி மீண்டும் சுருளுக்குள் போகாத உயரத்தில் அது இருக்க வேண்டும்; மேல்நோக்கிக் காற்றுத் தள்ளும் யூனிட்டுக்குக் கூரையைத் தவிர்ப்பதே நல்லது. அழகுக்காகச் சட்டம் வைத்த மரக்கூண்டு அமைப்பவர்கள் காற்று வெளியேறும் பக்கத்தை முழுதும் திறந்து விடுங்கள். மற்றப் பக்கங்களில் கையேடு சொல்லும் இடைவெளியைக் குறைக்காதீர்கள். கடலோரத்தில் வசிக்கும் ஒருவர் உப்புக்காற்றுக்குக் கவர் உதவுமா என்று கேட்டிருந்தார். உப்பு காற்றோடு சேர்ந்தே உள்ளே வருவதால் கவரால் அதைத் தடுக்க முடியாது. அவ்வப்போது நல்ல தண்ணீரால் சுருளைக் கழுவிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது அரிப்பைத் தாங்கும் பூச்சு உள்ள சுருளைக் கேட்டு வாங்குங்கள்.