ஊராட்சிக் கணக்கை ஆன்லைனில் பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நம் ஊராட்சிக்கு எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது என்பதை இப்போது செல்போனிலேயே பார்க்கலாம். மத்திய அரசு 2020 ஏப்ரலில் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் போதும். பார்த்ததும் சிலருக்குக் கோபம் வரும். முதல் தவறு அந்தக் கோபத்தில்தான் நடக்கிறது.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். திருநெல்வேலி மாவட்டம் மானூர் பக்கம் ஓர் ஊராட்சியின் பட்டியலில் வாறுகால் (கழிவுநீர் வாய்க்கால்) வேலை ஒன்று இருந்தது. நேரில் போனால் அங்கே வாறுகாலே இல்லை. உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அப்புறம் நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஆண்டுத் திட்டத்தில் எழுதிய வேலை மட்டும்; அதற்கு ஒரு ரூபாய்கூடப் பட்டுவாடா ஆகவில்லை. ஊராட்சிச் செயலரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். குழுவில் திருத்தமும் போட்டேன். ஆனால் முதலில் போட்டதை ஃபார்வர்டு செய்தவர்கள் திருத்தத்தை ஃபார்வர்டு செய்யவில்லை. திட்டம் வேறு, செலவு வேறு. பணம் போனதற்கான வவுச்சர் இருக்கிறதா என்று பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது.

மாநில பட்ஜெட்டிலும் இதே சிக்கல்தான். மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு என மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கணக்கு என்பதுதான் உண்மையில் செலவானது. ஒவ்வொரு துறைக்கும் கேட்கும் பணத்தைக் காட்டும் மானியக் கோரிக்கைப் புத்தகங்களில் தொகையை ஆயிரம் ரூபாயில் போட்டிருப்பார்கள். 45,000 என்றிருந்தால் அது நாலரைக் கோடி.

நெல்லைக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். சங்கரன்கோவிலும் கடையநல்லூரும் ஆலங்குளமும் அந்தப் பக்கம் போய்விட்டன. 2017-ஐயும் 2022-ஐயும் அப்படியே ஒப்பிட்டு, ‘திருநெல்வேலிக்கு நிதியைக் குறைத்துவிட்டார்கள்’ என்று எழுதினால் அது தவறான தகவல். 1986-இல் தூத்துக்குடி பிரிந்ததற்கு முந்தைய புள்ளிவிவரத்துக்கும் இதே கதைதான்.

ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். சேரன்மகாதேவியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! ஒவ்வோர் ஊராட்சிக்கும் அரசு தந்திருக்கும் உள்ளாட்சிக் குறியீட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். எக்செல்லில் ஒட்டும்போது சர்வே எண் 12/3 தேதியாக மாறிவிடும்; அந்த நெடுவரிசையை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என மாற்றிக்கொள்ளுங்கள்.

மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தந்த 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 2025-26 வரை 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்ட பணம். அதில் ஏன் தெருவிளக்கு போடவில்லை என்று கேட்பதில் பயனில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கண்டுபிடித்ததைச் செல்போனோடு நிறுத்திக்கொள்வது. இரண்டு பக்கம் தமிழில் அச்சடித்துக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் குழாய் பதித்த செலவை வாசித்தபோது பின்வரிசையில் இருந்த ஆச்சி எழுந்து, “அது எங்க தெரு இல்லய்யா, கீழத்தெருவுலல்லா போட்டாவ” என்றார். எந்தத் தளத்திலும் அந்தத் தகவல் இல்லை. அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்தோம். அந்த வேலையின் அளவுப் புத்தக (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகல் கேட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவும் போட்டோம். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.