டீபக்கரில் புராசஸ் கட்டுப்பாட்டு நிரலைச் சீரமைக்கும் முறை

பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறையில், பொறியியல் மாணவர்கள் நால்வருடன் சனிக்கிழமைதோறும் அமர்ந்து, லினக்ஸுக்கான சிறிய டீபக்கர் (வேறொரு நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பிழை தேட உதவும் கருவி) ஒன்றை எழுதி வந்தோம். ஒற்றை இழையில், அதாவது ஒரே வேலைத்தொடராக, ஓடும் நிரல்களுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. பல இழைகள் கொண்ட நிரலைக் கொடுத்தால், சில வேளைகளில் மட்டும் அசையாமல் நின்றுவிட்டது. குறை ஏதோ ஒரு வரியில் இல்லை, புராசஸைக் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக்) கட்டுப்படுத்தும் பகுதியின் அமைப்பிலேயே இருந்தது. அதைச் சீரமைத்த முறையை, இதே வேலையில் இறங்குவோருக்காக எழுதுகிறேன்.

டீபக்கரின் நிரலில் கை வைக்கும் முன் சோதனைகளை எழுதிவிடுங்கள். இயல்பாக முடியும் நிரல், சிக்னலால் (புராசஸுக்கு வரும் அறிவிப்பால்) இறக்கும் நிரல், ஃபோர்க் செய்யும் (தன் நகலை உருவாக்கும்) நிரல், எக்ஸெக் செய்யும் (தன் இடத்தில் வேறொரு நிரலை ஏற்றும்) நிரல், இழைகளை அடுத்தடுத்து உருவாக்கும் நிரல் என ஐந்து சிறு நிரல்கள் போதும். நிகழ்வுகள் வந்து சேரும் வரிசை ஒவ்வொரு முறையும் மாறக்கூடும் என்பதால், ஒவ்வொன்றையும் நூறு முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, பிடிரேஸ் (வேறொரு புராசஸைக் கட்டுப்படுத்துவது), வெயிட்பிஐடி (அது நின்ற அல்லது முடிந்த செய்திக்காகக் காத்திருப்பது) ஆகிய அழைப்புகள் எங்கெங்கே வருகின்றன என்று தேடிப் பட்டியலிடுங்கள். எங்கள் நிரலில் வெயிட்பிஐடி ஏழு இடங்களில் இருந்தது; அசையாமல் நின்றதற்குக் காரணம் இதுதான். ஓர் இழைக்காகக் காத்திருக்கும் செயற்கூறு, எந்த இழையின் செய்தியானாலும் சரி என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் கேட்கும்போது, வேறோர் இழை நின்ற செய்தியைப் பெற்று, தனக்கு வேண்டியதில்லை என்று விட்டுவிடுகிறது. கெர்னல் அதை மறுபடி சொல்லாது. அந்த இழை இன்னும் ஓடுகிறது என்றே டீபக்கர் நம்பிக்கொண்டிருக்கும். சேரன்மகாதேவியிலிருந்து வரும் மாணவி, தன் தாத்தாவின் வயலுக்குக் கன்னடியன் கால்வாயில் நீர் வருவதை நினைத்து, "அண்ணாச்சி, ஒரு மடையை ஏழு பேர் திறந்து அடைச்சா கடைமடைக்குத் தண்ணி போகாதுல்லா" என்றாள். அன்றே வெயிட்பிஐடியை ஒரே செயற்கூறுக்குள் கொண்டுவந்தோம். அது பெறும் ஒவ்வொரு செய்தியும் உரிய இழையின் பதிவில் நிலுவையாகச் சேரும். மற்ற செயற்கூறுகள் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிய இழை நின்ற செய்தி, அதை உருவாக்கிய இழையின் குளோன் செய்திக்கு (புதிய இழை உருவானதைச் சொல்லும் செய்திக்கு) முன்னரே வரக்கூடும். முகம் தெரியாத எண் என்று அதைத் தள்ளிவிடாமல், குளோன் செய்தி வரும்வரை தனியே வைத்திருங்கள்.

வந்த செய்தியை அதே இடத்தில் பெயருள்ள நிகழ்வாக மாற்றிவிடுவது நல்லது. பிரேக்பாயிண்ட் (நிரலின் கட்டளைக்குப் பதிலாகப் பதிக்கும் நிறுத்தக் கட்டளை), ஒற்றைப்படி ஓட்டம் (ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஓட்டுவது), எக்ஸெக் ஆகிய மூன்றுமே சிக்டிராப் என்ற ஒரே சிக்னலாக வரக்கூடும். இவற்றைப் பிரித்தறியும் வேலை நிரல் முழுவதும் சிதறிக் கிடந்தால் எந்தத் திருத்தமும் நிலைக்காது.

இழையின் நிலையைக் குறிக்க ஆளுக்கொரு கொடி (ஆம், இல்லை என்று குறிக்கும் மாறி) வைத்திருந்தோம். அவற்றை எடுத்துவிட்டு இரண்டே விவரங்களை வைத்தோம்: கெர்னலின் கணக்கில் இழை ஓடுகிறதா நிற்கிறதா என்பது ஒன்று, பயனர் அதை ஓடச் சொன்னாரா நிற்கச் சொன்னாரா என்பது மற்றொன்று. 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய ஜிடிபி என்ற டீபக்கரிலும் இவ்விரண்டும் தனித்தனியாகவே வைக்கப்பட்டுள்ளன. பிரேக்பாயிண்டைத் தாண்டும்போது இதன் தேவை புரியும். பழைய கட்டளையைத் திரும்ப எழுதி, ஒரு படி ஓட்டி, பிரேக்பாயிண்டை மீண்டும் பதிக்கும் அந்தச் சிறு நேரத்தில் மற்ற இழைகளை நிறுத்தி வைக்காவிட்டால், அவை அந்த இடத்தை நிற்காமலே கடந்துவிடும். ஆனால் பயனரைப் பொறுத்தவரை அவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

எக்ஸ்86 செயலியில் பிரேக்பாயிண்டாகப் பதிக்கும், ஒரு பைட் நீளமுள்ள இன்ட்3 கட்டளையில் நின்றபின் நிரல்சுட்டி (அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரி) ஒரு பைட் தள்ளி நிற்கும், அதைப் பின்னிழுக்க வேண்டும். 64 பிட் ஆர்ம் செயலியிலோ அதே வேலைக்கான பிஆர்கே கட்டளையிலேயே நிற்கும். எனவே அந்தக் கழித்தலைச் செயலி சார்ந்த கோப்புக்கு மாற்றுங்கள்.

இழையை மீண்டும் ஓட்டும்போது ஈஎஸ்ஆர்சிஎச் (அப்படி ஓர் இழை இல்லை என்ற) பிழை வந்தால் டீபக்கரை முடித்துவிடாதீர்கள். நின்றிருந்த இழை இடையில் கொல்லப்பட்டிருக்கலாம், அதன் முடிவுச் செய்தி காத்திருக்கும். லினக்ஸ் 3.4 முதல் உள்ள பிடிரேஸின் சீஸ் முறை, சிக்ஸ்டாப் என்ற நிறுத்தும் சிக்னலை அனுப்பாமலே ஓடும் நிரலுடன் இணைய உதவுகிறது. அதற்கு மாறுவதை நான் பரிந்துரைக்கிறேன், ஆனால் தனிக் கமிட்டாக (தனியே பதிவுசெய்யும் ஒரு மாற்றமாக). நிரல்வரிகளின் இடமாற்றத்தையும் நடத்தை மாற்றத்தையும் ஒரே கமிட்டில் கலந்தால், சோதனை தோற்கும்போது எதனால் தோற்றது என்று கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக, டீபக்கர் நிரலை விட்டு விலகும் வழியைச் சரிபாருங்கள். எல்லா இழைகளையும் நிறுத்தி, எல்லாப் பிரேக்பாயிண்டுகளையும் நீக்கி, நிலுவையில் உள்ள உண்மையான சிக்னல்களை நிரலிடம் ஒப்படைத்த பிறகே டீபக்கர் விலக வேண்டும். ஒரே ஒரு இன்ட்3 எஞ்சியிருந்தாலும், கேட்பாரற்று வரும் சிக்டிராப்பில் அந்த நிரல் இறந்துவிடும்.