கொலைகாரப் பூச்சியின் சாதியைக் கண்டறிதல்: நிறத்தை விட்டு மடிப்பைப் பாருங்கள்

சென்ற மாரியில் ஒட்டுசுட்டானில் எங்கள் வீட்டு விறாந்தை மின்குமிழுக்கு வந்து விழுந்த இரண்டு கொலைகாரப் பூச்சிகளை (பிற பூச்சிகளைக் குத்தி உறிஞ்சி உண்பவை), இரண்டுமே கறுப்பு உடலில் மஞ்சள் புள்ளி கொண்டவை என்பதால், ஒரே சாதி (பேரினம், genus) என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், சாதி மட்டுமன்றித் துணைக்குடும்பமே வேறு என்பது தெரிந்தது. எங்கே தவறினேன் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, தெளிவான மூடியுள்ள சிறு பிளாஸ்திக் டப்பா, கமரா உள்ள கைத்தொலைபேசி, அடிமட்டம் ஆகியவை போதும். தொலைபேசியில் கொளுவும் மலிவு வில்லைகளை நான் விரும்புவதில்லை. அவை படத்தின் ஓரங்களை வளைத்துவிடுவதால் அளவு பார்க்கும் வேலை கெட்டுவிடும். பூச்சியைக் கையால் பிடிக்க வேண்டாம், கடி கடுமையாக வலிக்கும். டப்பாவோடு குளிர்சாதனப் பெட்டியில் பத்து நிமிடம் வைத்தால் அடங்கியிருக்கும்.

முதலில் சொண்டை, அதாவது குத்தி உறிஞ்சும் ஊசிபோன்ற வாயைப் பாருங்கள். கொலைகாரப் பூச்சிகள் அடங்கும் ரெடுவிடே குடும்பத்துப் பூச்சிக்குச் சொண்டு குட்டையாக, மூன்று கணுக்கள் தெரிய, பெரும்பாலும் வில்போல் வளைந்து, முன்கால்களுக்கிடையே உள்ள பள்ளத்தில் நுனி பொருந்தியிருக்கும். வெண்டியிலும் பருத்தியிலும் திரளும் சிவப்புப் பூச்சிக்கோ நான்கு கணுக்களோடு வயிற்றுப்பக்கமாக நேரே கிடக்கும். அதன் தலையில், பெரிய கூட்டுக்கண்களைத் தவிர, புள்ளிபோன்ற சிறு தனிக்கண்களும் இல்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி, புழுக்களைத் தின்று உதவும் பூச்சிக்கும் சேர்த்தே மருந்து அடிக்கிறார்கள்.

அடுத்தது, என்னை இடறவைத்த படி. தலைக்குப் பின்னால் முதுகை மூடியிருக்கும் முன்மார்புத் தகட்டைக் குறுக்காக ஒரு மடிப்பு இரண்டாகப் பிரிக்கிறது. அந்த மடிப்பு தகட்டின் நடுவுக்குப் பின்னால் விழுந்து, முன்பகுதி நீண்டும் பின்பகுதி குறுகியும் இருந்தால் அது எக்டோமோகொரிஸ் என்ற சாதி அடங்கும் துணைக்குடும்பம். மடிப்பு நடுவுக்கு முன்னால் விழுந்து, பின்பகுதி பெரிதாக இருந்தால் அக்காந்தாஸ்பிஸ் போன்ற சாதிகளின் பக்கம் போக வேண்டும். வாசிக்க எளிதாகத் தோன்றும் இந்த விதியில் நான் தவறியதற்குக் காரணம் படம் எடுத்த கோணம். பின்னாலிருந்து சாய்வாக எடுத்த படத்தில் மேடான பின்பகுதி முன்பகுதியில் ஒரு பங்கை மறைத்துவிடுவதால், மடிப்பு உண்மையில் இருக்கும் இடத்தைவிட முன்னே இருப்பதுபோலத் தெரிகிறது. ஆகவே டப்பாவைச் சமதரையில் வைத்து, கமராவை நேர் மேலே பிடித்து, தகட்டின் நான்கு மூலைகளும் ஒரே தெளிவில் தெரியும்வரை படம் எடுங்கள். பிறகு நடுக்கோட்டின் வழியே முன்விளிம்பிலிருந்து மடிப்புவரைக்கும், மடிப்பிலிருந்து பின்விளிம்புவரைக்கும் திரையிலேயே அடிமட்டம் வைத்து அளவிடுங்கள். என் முதற் பூச்சிக்கு 31 மில்லிமீற்றரும் 17 மில்லிமீற்றரும் வந்தன. இரண்டாவதற்கு 20, 28. அதற்குப் பின் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை.

அக்காந்தாஸ்பிஸ் என்பதை உறுதிசெய்ய, தகட்டின் பக்க மூலைகளில் முள்ளும், அதற்குப் பின்னுள்ள முக்கோணக் கேடயத்தின் நுனியில் கூரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்காலில் தொடைக்கு அடுத்துள்ள நீண்ட கணுவின் நுனியில் பஞ்சுபோன்ற மெத்தையும் இருக்கும். இதன் குஞ்சுகள் (முழு வளர்ச்சி பெறாதவை), தாம் தின்ற எறும்புகளின் கோதுகளையும் மண்ணையும் முதுகில் சுமந்து திரிபவை. நகரும் குப்பைத் துண்டைக் கண்டால் கிளறிப் பாருங்கள்.

பகலில் செடிமேல் திரிபவற்றுக்கு இந்தப் பஞ்சு மெத்தை இருக்காது. அவற்றுள் கேடயத்திலிருந்து ஒரு முள் நிமிர்ந்து நிற்க, தலை நீண்டு, வயிற்றின் ஓரங்கள் சிறகுக்கு வெளியே இலைபோல் விரிந்திருந்தால் சைகானஸ். சிவப்பும் கறுப்புமாக, தகட்டிலோ கேடயத்திலோ நீண்ட முள் எதுவும் இல்லாமல் இருந்தால் ரைனோகொரிஸாக இருக்கலாம். புல்லிலும் வயலிலும் வைக்கோல் நிறத்தில், உடலெங்கும் முள்ளாக மெலிந்து கிடப்பது பொலிடிடஸ். விளக்குக்கு வரும் மண்ணிறப் பூச்சியின் முன்சிறகில் நரம்புகள் சூழ்ந்த பெரிய பலகோணக் கண்ணறையும், பருத்த முன்தொடையின் அடியில் முள் வரிசையும் கண்டால் ஒன்கோசெபாலஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். சொண்டு வளையாமல் மெலிந்து நேராக இருந்தால் அது இரத்தம் குடிக்கும் திரையடோமாவா என்று பார்க்க வேண்டும்.

பின்சேர்க்கை: மாங்குளத்திலிருந்து வாசகர் ஒருவர் கல்லுக்கடியில் எடுத்த, சிறகில்லாத கறுப்புப் பூச்சியின் படத்தை அனுப்பினார். சிறகு இல்லாததால் குஞ்சு என்றும், சாதி சொல்ல முடியாது என்றும் பதில் எழுதினேன். அது தவறு. எக்டோமோகொரிஸின் பெண் பூச்சிகளில் சிறகு குறுகியோ இல்லாமலோ இருப்பவை உண்டு. ஆகவே சிறகை நம்பாமல் பாதத்தைப் பாருங்கள்: குஞ்சுக்குப் பாதத்தில் இரண்டு கணு, வளர்ந்ததற்கு மூன்று. மேலிருந்து வரும் வெளிச்சத்தில் கணுக்கள் ஒன்றாகத் தெரியும். டோர்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்தால் இடைவெளி நிழலாக விழும். அவரிடம் அப்படியே மறுபடி படம் எடுக்கச் சொன்னேன். பின்காலில் மூன்று கணுக்கள் இருந்தன.