லேப்டாப் திருடுபோவதற்கு முன்னால் செய்துவைக்க வேண்டியவை

மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். "பாஸ்வேர்ட் போட்டிருக்கேன் தம்பி, எவனும் திறக்க முடியாது" என்று யாராவது சொன்னால் வாதம் செய்வதில்லை, செய்தே காட்டிவிடுவேன். அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஃபைல்கள் எல்லாம் இருக்கிற, விரல் நீள எஸ்எஸ்டியை உருவி, யூஎஸ்பி கேஸில் போட்டு என் கம்ப்யூட்டரில் செருகுவேன். யூசர்ஸ் ஃபோல்டரைத் தொட்டால் அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வரும். கன்டினியூ அழுத்தினால் போதும்; பான் கார்டு, வீட்டுப் பத்திரம், மகள் கல்யாண போட்டோ எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பாஸ்வேர்டை யாரும் கேட்கவே இல்லை.

இதைத் தடுப்பது என்கிரிப்ஷன் ஒன்றுதான்; அதாவது, சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி ஃபைல்களை மாற்றி வைப்பது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆன் செய்யுங்கள். புது லேப்டாப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு செட்டப் செய்திருந்தால் ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கலாம். விண்டோஸ் ப்ரோ பதிப்பில் இதே வேலைக்கு பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். எதுவுமே இல்லாத பழைய மெஷினா? இலவசமாகக் கிடைக்கிற வெராகிரிப்ட் என்ற மென்பொருளில், முக்கியமான ஃபைல்களுக்கு மட்டுமாவது ஒரு பூட்டிய பெட்டகம் செய்துகொள்ளலாம்.

விண்டோஸில் ஆன் செய்த கையோடு 48 இலக்க ரெகவரி கீயை எழுதி, வீட்டு பீரோவில் வையுங்கள். லேப்டாப் பைக்குள் வேண்டாம். மதர்போர்டு மாற்றினால் அந்த எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் உங்கள் ஃபைலை நீங்களே பார்க்க முடியாது. அதனால்தான் போர்டு வேலைக்கு வருகிறவர்களிடம் "கீ இருக்காண்ணே?" என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

பேக்கப் எடுக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த ஹார்டு டிஸ்க்கையும் அதே பைக்குள்தான் திணித்து வைக்கிறார்கள். பையோடு போனால் இரண்டும் போச்சு.

அப்புறம், பயணம். வெளியே கிளம்பும்போது மூடியை மட்டும் சாத்தாமல் ஷட்டவுன் செய்துவிடுங்கள். தூங்கிக்கொண்டிருக்கிற மெஷினில் என்கிரிப்ஷன் சாவி மெமரியிலேயே இருக்கும். மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறினால் பையை மேலே தட்டில் போடாதீர்கள். வழியில் டீக்கு நிறுத்துகிற பத்து நிமிஷம் போதும் ஒருவனுக்கு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த்துக்கு அடியில் இரும்பு வளையம் இருக்கும்; செயின் கோத்துப் பூட்டலாம். நான் அதைக்கூட நம்பாமல் பையைத் தலைக்கு வைத்துத்தான் படுப்பேன். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பையை கார் பின்சீட்டில் கண்ணில் படும்படி விட்டுப் போவதைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

அடியில் இருக்கிற சீரியல் நம்பரையும் பில்லையும் இன்றைக்கே போட்டோ எடுத்து மெயிலில் போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஃபைண்ட் மை டிவைஸையும் ஆன் செய்யுங்கள். லேப்டாப் நெட்டில் சேர்ந்தால்தான் அது வேலை செய்யும் என்பதால் ரொம்ப நம்ப வேண்டாம். செல்போனை முடக்குகிற அரசு சஞ்சார் சாத்தி தளம் ஒவ்வொரு செல்போனுக்கும் உள்ள ஐஎம்இஐ அடையாள எண்ணை வைத்து வேலை செய்கிறது. சாதாரண லேப்டாப்புக்கு அந்த எண்ணே கிடையாது.

திருடு போய்விட்டால் முதலில் போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லா டிவைஸிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள். மெயில் கையில் இருந்தால் மற்ற கணக்குகளை மீட்டுவிடலாம். அடுத்து பேங்க். ரயிலில் போனதென்றால் 139-க்கு அடியுங்கள், டிடிஇயிடமும் சொல்லுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் "தொலைந்துவிட்டது" என்று எழுதாமல், திருடு போனது என்றே சீரியல் நம்பரோடு எழுதிக் கொடுங்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பிவிடாமல் எஃப்ஐஆர் கேட்டு வாங்குங்கள்; இன்சூரன்ஸ் இருந்தால் அது தேவைப்படும். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தூரத்திலிருந்தே அழிக்கிற வசதி அவர்களிடம் இருக்கலாம். திட்டுவார்களே என்று திங்கட்கிழமை வரை தள்ளிப்போட்டால் அதுவும் உதவாது.