1641 அயர்லாந்து கிளர்ச்சி: ஒரு குடியேறி குடும்பம் என்னென்ன இழந்துச்சுன்னு வாக்குமூலத்துல படிக்கிறது எப்படி

1641 அக்டோபர் 22 ராத்திரி, அயர்லாந்தோட வடக்கு மாகாணமான அல்ஸ்டர்ல, ஐரிஷ் கிளர்ச்சித் தலைவர் சர் ஃபீலிம் ஓ'நீல் ஆளுங்க சார்ல்மாண்ட் கோட்டைய பிடிச்சாங்க, மறுநாள் டப்ளின் கோட்டைய பிடிக்கிற திட்டம் முன்கூட்டியே வெளிய தெரிஞ்சு போனதால நடக்கல, ஆனா வடக்குல நெருப்பு பத்திக்கிச்சு. 1609லேர்ந்து நடந்த குடியேற்றத்துல, ஐரிஷ்காரங்க கிட்டேர்ந்து பறிச்ச நிலத்துல வந்து உக்காந்த இங்கிலீஷ், ஸ்காட்டிஷ் புராட்டஸ்டண்ட் குடும்பங்கள் மேல அந்த கோபம் முழுக்க இறங்குச்சு. தப்பிச்சு டப்ளினுக்கு ஓடிவந்தவங்க சத்தியம் பண்ணி சொன்னதை, டிசம்பர் மாசம் நியமிச்ச எட்டு பாதிரிமார் எழுதி எடுத்தாங்க, தலைவர் ஹென்றி ஜோன்ஸ். அப்புறம் பல வருஷம் சேர்ந்த வாக்குமூலங்கள் சுமார் 8,000, இப்ப டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல இருக்கு, ஸ்கேன் பண்ணி, டைப் பண்ணி ஆன்லைன்ல இலவசமாவே போட்டிருக்காங்க. அதுல ஒரு குடும்பத்தோட கதையை எப்படி ஒழுங்கா படிக்கிறதுன்னுதான் இங்க சொல்லப்போறேன். பல பேர் நேரா கொலை எங்க இருக்குன்னு தேடி படிச்சிட்டு மூடிடறாங்க, அப்படி படிச்சா அந்த குடும்பம் யாருன்னே தெரியாம போயிடும்.

முதல்ல ஒரு கவுண்டிய (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பிடிச்சுக்கோங்க. கையால எழுதின வாக்குமூல புத்தகங்கள் பெரும்பாலும் கவுண்டி வாரியாதான் இருக்கு, கேவனோட புத்தக எண் 832, 833, ஃபெர்மனா 835, ஆர்மா 836. அல்ஸ்டர்ல நடந்தது புரியணும்னா ஆர்மாவுல ஆரம்பிக்கிறது நல்லது. பேரை வச்சு தேடும்போது ஒரே ஸ்பெல்லிங்க நம்பாதீங்க, எழுதின குமாஸ்தா காதுல விழுந்த மாதிரி எழுதியிருப்பார், ஒரே ஆள் பேரே ஒரு பக்கத்துல ரெண்டு விதமா இருக்கும், யு இருக்கிற இடத்துல வி இருக்கும், அதனால பேரோட பாதிய மட்டும் போட்டு தேடுங்க.

தேதில எல்லாரும் சறுக்குவாங்க. அப்ப இங்கிலீஷ் கணக்குல வருஷம் மார்ச் 25லதான் பிறக்கும். அதனால "1641 ஜனவரி"ன்னு எழுதியிருந்தா அது கிளர்ச்சிக்கு முன்னாடி இல்ல, கிளர்ச்சி வெடிச்சு மூணு மாசம் கழிச்சு, நம்ம கணக்குல 1642 ஜனவரி. இதை மனசுல வச்சுக்கலன்னா ஒரு குடும்பம் எந்த குளிர்ல எத்தனை வாரம் நடந்துச்சுங்கிறதே தலைகீழா போயிடும்.

இப்ப வாக்குமூலத்துக்குள்ள போங்க. பேர், ஊர், தொழில், அப்புறம் உடனே இழப்பு பட்டியல். இங்க அவசரப்படாதீங்க. மாடு, குதிரை, ஆடு, களத்துல அடுக்கி வச்ச தானியம், வைக்கோல், வீட்டு சாமான், குத்தகை, கட்டின வீடு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல தொகை. பவுண்டுக்கு எல், ஐ-ன்னு ரெண்டு எழுத்து போட்டிருப்பாங்க, அப்புறம் ஷில்லிங், பென்ஸ். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒரு தாள்ல கூட்டி பாருங்க, மாட்டுலதான் பெரும்பகுதி போச்சுன்னா அது மாடு மேய்ச்சு பொழைச்ச குடும்பம், தானியமும் குத்தகையும் பெருசுன்னா உழுது பொழைச்சவங்க, கடைச்சரக்கு நிறைய இருந்தா டவுன் வியாபாரி. கொலையைப் பத்தி ஒரு வரி கூட இல்லாத வாக்குமூலம்கூட இப்படி படிச்சா ஒரு வீட்டையே கண்ணு முன்னாடி கொண்டுவந்து நிறுத்தும்.

பட்டியல்ல "வரவேண்டிய கடன்"னு ஒரு பகுதி இருந்தா அதை ரெண்டு தடவை படிங்க. என்னைக் கேட்டா முழு வாக்குமூலத்துலயும் இதுதான் உயிர். கடன் வாங்கினவங்க பேர்ல பாதி சக குடியேறிங்க, அவங்களும் எல்லாம் போய் நடுத்தெருவுல நிக்கிறாங்க, மீதி ஐரிஷ் பக்கத்து வீட்டுக்காரங்க, இப்ப கிளர்ச்சியில சேர்ந்துட்டாங்க. அதே பேர் கொஞ்சம் கீழ கொள்ளையடிச்சவங்க லிஸ்ட்ல வருதான்னு பாருங்க. வந்தா, நேத்து வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் பணம் கொடுத்து வாங்கினவங்க, பேர் சொல்லி கூப்பிட்டவங்கதான் வாசல்ல வந்து நின்னிருக்காங்கன்னு புரியும், அந்த அடி மாடு போனதை விட பெருசு.

தொகையை அப்படியே நம்பவும் வேண்டாம். நஷ்டஈடு கிடைக்கும்னு எதிர்பார்த்து சொன்னது, கொஞ்சம் ஏத்தி சொல்லியிருக்கலாம். ஆனா அதுக்காக மொத்தமா தூக்கிப் போடறதும் தப்பு. சில வரிகள் கோடு போட்டு அடிச்சிருக்கும், அதை பொய்னு அடிச்சாங்கன்னு எடுத்துக்காதீங்க, பின்னாடி காப்பி எடுக்கும்போது வேண்டாம்னு விட்ட பகுதிக்கும் கோடு போட்டிருக்காங்க.

அடுத்து கண்ணால பார்த்ததையும் காதால கேட்டதையும் தனித்தனியா பிரிச்சு எழுதிக்கோங்க, ரெண்டு கலர் பேனா வச்சுக்கிட்டா சுலபம். தன் துணிய உருவி குளிர்ல விரட்டினாங்கன்னு ஒருத்தர் சொன்னா அது அவர் பட்டது, இது நூத்துக்கணக்கான வாக்குமூலத்துல திரும்ப திரும்ப வருது, வழியிலயே குழந்தைங்க விறைச்சு செத்ததும் வருது. "நம்பகமான ஆள் சொல்லக் கேட்டேன்"னு வந்தா அது வேற கலர். ஆர்மாவுல இருக்கிற டைனன் ஊர் பாதிரியார் ராபர்ட் மேக்ஸ்வெல் 1,54,000 பேர் கொல்லப்பட்டதா கிளர்ச்சிக்காரங்களே சொன்னதா எழுதினார், அவ்வளவு குடியேறிங்க அல்ஸ்டர்லயே கிடையாது. இப்ப வரலாற்றாசிரியர்கள் நேரடி கொலை சுமார் 4,000ன்னும், குளிர், பசி, நோய்ல செத்தவங்களையும் சேர்த்தா 12,000 வரைக்கும் போகலாம்னும் சொல்றாங்க. அதே மேக்ஸ்வெல்லோட கூடப்பிறந்தவரும் அவர் மனைவியும் அந்த கிளர்ச்சியில கொல்லப்பட்டாங்க, எண்ணிக்கை தப்புங்கிறதால அந்த துக்கம் பொய்யாகிடாது.

போர்ட்டடவுன் பாலத்துகிட்ட 1641 நவம்பர்ல சுமார் 100 பேரை பேன் ஆத்துல தள்ளி மூழ்கடிச்சதை படிக்கும்போது எலிசபெத் பிரைஸ் சொன்னதை கண்டிப்பா எடுங்க. அந்த அம்மா தன் பிள்ளைகளை அங்க பறிகொடுத்தவங்க. பின்னாடி அதே ஆத்துல இடுப்பு வரைக்கும் தண்ணிக்கு மேல ஒரு பொம்பள உருவம் எழுந்து பழி, பழின்னு கத்தினதை பார்த்ததா சத்தியம் பண்ணி சொல்றாங்க. பேய்க்கதைன்னு தாண்டி போயிடாதீங்க. நடந்ததுக்கு சாட்சியா அதை வைக்க முடியாது, ஆனா பிள்ளைய ஆத்துக்கு கொடுத்த ஒரு தாய் மனசுல அந்த ஆறு என்னவா ஆச்சுங்கிறதுக்கு அதை விட வேற சாட்சி வேணுமா? மூணாவது கலர்ல எழுதி வைங்க.

எதிர்ப்பக்கத்தையும் தேடணும், ஏன்னா அந்த எட்டு பாதிரிமார் கமிஷன் புராட்டஸ்டண்டுகளை, அதாவது குடியேறிங்க பக்கத்தை மட்டும்தான் கேட்கணும்னு போட்டது. 1642 ஜனவரில ஆன்ட்ரிம் கவுண்டியில இருக்கிற ஐலண்ட்மகீல ஐரிஷ் கத்தோலிக்க குடும்பங்களை கொன்னது பத்தி தெரியணும்னா 1650கள்ல கிராம்வெல் ஆட்சில எடுத்த விசாரணைகளை பார்க்கணும், ஃபீலிம் ஓ'நீலை 1653ல தூக்குல போட்டதும் அந்த காலத்துலதான். ஆனா தண்டனை கொடுக்கிறதுக்காகவே கேட்ட கேள்விகள் அதுல நிறைய, பயத்துல வந்த பதில்கள், அதையும் கணக்குல எடுத்துக்கிட்டுதான் படிக்கணும்.

கடைசியா அந்த குடும்பத்தோட ஊரை டவுன் சர்வே (Down Survey, அந்தக் கால நில அளவை) இணைய தளத்துல போட்டு பாருங்க. வில்லியம் பெட்டி 1656லேர்ந்து ரெண்டு மூணு வருஷத்துல அளந்த வரைபடங்கள் அது, 1641ல அந்த நிலம் யார் பேர்ல இருந்துச்சு, 1670ல யார் பேர்ல இருக்குன்னு பக்கத்துல பக்கத்துல காட்டும். நீங்க படிக்கிற குடும்பத்தை கொள்ளையடிச்சதா எழுதியிருக்கிற ஐரிஷ் பேரையும் அங்கயே தேடுங்க, பெரும்பாலும் 1670 பட்டியல்ல அவங்க இருக்க மாட்டாங்க.