கிண்டி பக்கம் வாடகை வீடு தேடும் மாணவர்களுக்கு

அண்ணா பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, வேளச்சேரி தெருக்களில் நடந்தே டு-லெட் பலகை பாருங்கள். தரகர் வழியாகப் போனால் பெரும்பாலும் ஒரு மாத வாடகை கமிஷனாகப் போய்விடும். பேச்சலர்களுக்கு விடுவார்களா, எத்தனை பேர் தங்கலாம் என்பதை முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் போனதும் குழாயைத் திறந்து பாருங்கள். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரா, போர்வெல் தண்ணீரா? மே மாதத்தில் லாரித் தண்ணீருக்கு யார் காசு? வேளச்சேரியில் தரைத்தளம் என்றால், மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். தனி இ.பி. மீட்டர் இருந்தால் நல்லது. வீட்டுக்காரரே வைத்த சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு என்ன கணக்கு என்று முன்பே பேசுங்கள். குடிபோகும் அன்றே ரீடிங்கைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

அட்வான்ஸ்தான் பெரிய சிக்கல். 2017 வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. ஆனால் ஒப்பந்தத்தில் கூடுதலாக எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும். ஆகவே பேரமெல்லாம் கையெழுத்துக்கு முன்பே. பணத்தை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே பரவலான வழக்கம். எவ்வளவு பிடிப்பார்கள், மீதி எத்தனை நாளில் வரும் என்பதை எழுதி வாங்குங்கள். தங்கும் எல்லோர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் படிப்பு முடித்துக் கிளம்பும்போது மற்றவர்களின் அட்வான்ஸ் பங்கும் சிக்கிக்கொள்ளும்.