எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி குரூப்பா போறவங்களுக்கு ஒரு குறிப்பு

திருநவேலில இருந்து வேன் புடிச்சு போறவ முக்காவாசி பேரு நேரா பாஞ்சாலங்குறிச்சிக்குத்தான் விடுதாவ. அப்படிப் போவாதீங்க, மொதல்ல கயத்தாறு. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16ல தூக்குல போட்ட ஊரு அது, ஹைவே பக்கத்துலயே நினைவிடம், காலைல வெயில் ஏறுறதுக்குள்ள பாத்துரலாம். அங்கிருந்து கோவில்பட்டி வழியா எட்டயபுரம், போற வழில கடலை மிட்டாய் வாங்கிக்கோங்க, பிள்ளைய பசின்னு நச்சரிக்காது.

பாரதி பொறந்த வீடு சின்ன வீடுதான் அண்ணாச்சி, மொத்த வேனும் ஒண்ணா உள்ள போனா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அதனால கூட்டத்த ரெண்டா பிரிச்சு, பாதிப் பேர வீட்டுக்கும் மீதிப் பேர மணிமண்டபத்துக்கும் அனுப்பி அப்புறம் மாத்திவிடுங்க. மண்டபம் கல்கி முன்ன நின்னு பணம் திரட்டி கட்டினது, 1947ல திறந்தாங்க. செருப்ப வேன்லயே விட்டுட்டு எறங்காதீங்க, மத்தியானம் தரை கொதிக்கும்.

பொறவு ஒட்டப்பிடாரம், வ.உ.சி. 1872ல பொறந்த ஊரு. கூட்டம் அவ்வளவா இருக்காது, எனக்கு இதுதான் ரொம்பப் புடிக்கும். பாஞ்சாலங்குறிச்சி பக்கத்துலதான், அத கடைசியா சாயங்காலம் வச்சுக்கோங்க. ஒண்ணு மட்டும் பிள்ளையள்ட்ட முன்னாலயே சொல்லிருங்க, இப்ப நிக்கிற கோட்டை 1974ல அரசாங்கம் கட்டின நினைவுக் கோட்டை, பழச வெள்ளக்காரன் தரைமட்டமாக்கிட்டான். லீவு நாளு, மத்தியான இடைவேளை எல்லாம் கெளம்புறதுக்கு முந்துன நாளே போன் போட்டு கேட்டுக்கோங்க.